பிறந்த வீட்டுக் கோடி

மோட்டார் நின்றுபோன பிறகுதான் எங்கள் தோட்டத்தில் இத்தனை சத்தம் இருந்தது எனக்குத் தெரிந்தது. மிளகாய் இலை காய்ந்து சுருளும்போது மெல்ல ஒரு சத்தம் வரும். கிணற்றுக்குள் புறா சிறகடித்தால் அந்தச் சத்தம் மேலே வருவதற்குள் வேறு ஏதோ பறவையுடையதாக மாறிவிடும். பகல் முழுவதும் வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன வேலை? வாய்க்கால் வெட்டி மடை திருப்ப வேண்டிய கை மடியில் சும்மா கிடந்தது.

அது எழுபத்திரண்டாம் வருஷம். கரண்டுக் கட்டணத்தை ஏற்றினார்கள். விவசாயிகள் சங்கம் கட்டாதே என்றது. கட்டவில்லை. கம்பியை வெட்டினார்கள். இவ்வளவுதான் என்றால் இதைச் சொல்ல நான் எதற்கு? ஊர் ஊருக்கு நடந்ததுதான். எங்கள் கம்பத்தில் ஏறி வெட்டியவன் என் தம்பி ஐயாத்துரை.

திருச்சுழி கரண்டாபீசில் அவன் லைன்மேன். எங்கள் கிணற்றுக்கு முதன்முதலில் கரண்டு வந்தபோதும் அந்தக் கம்பத்தில் ஏறியவன் அவன்தான். அன்றைக்கு மோட்டாரிலிருந்து தண்ணீர் பாய்ந்ததும் தொட்டிக்குள் சட்டையோடு குதித்தான். வேலை கிடைத்த பிறகும் புத்தி வரவில்லை என்று நான் திட்டினேன். என் வீட்டுக்காரர் சின்னச்சாமி சிரித்துக்கொண்டே தானும் குதித்தார். வெட்ட வந்த அன்று அதே தொட்டிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"மச்சான், நான் ஏறலைன்னா வேற ஒருத்தன் ஏறுவான்," என்றான் தம்பி.

"வேற ஒருத்தன் ஏறட்டும்லே. அவன் மேல எனக்குக் கோவமில்ல."

தம்பி என்னைப் பார்த்தான். நான் மிளகாய்ச் செடியைப் பார்த்தேன். அவன் ஏறினான். கம்பி அறுந்து விழுந்தபோது புழுதி மட்டும் எழுந்தது. அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதும் என் வீட்டுக்காரர், "இனி அவன் பேர இந்த வீட்டுல யாரும் சொல்லப்படாது. அவனும் இந்த வாசல மிதிக்கப்படாது," என்றார். கோபம் வந்தால் அவரிடம் யாரும் பேச முடியாது. எனக்கும் கோபம்தான். ஆனால் அவருக்கு மச்சினன் போனால் போனான். எனக்குப் போனால் பிறந்த வீடே போயிற்று. அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லை. மிச்சம் இருந்தவன் அவன் ஒருத்தன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதைக் கோடி என்போம். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தினால்தான் பாடையைத் தூக்குவார்கள். அம்மா செத்தபோது மாமா கமுதிப் பக்கத்திலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. வெயில் சாயும்வரை அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். ஊரே அவளோடு காத்திருந்தது. மாமா ஓடிவந்து அந்தச் சிவப்புச் சேலையை விரித்த பிறகுதான் அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்ததாக எனக்குத் தோன்றியது. செத்த முகத்தில் என்ன நிம்மதி என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். நான் பார்த்தேன்.

எனக்கு யார் கொண்டுவருவார்கள்? மோட்டார் ஓடாத அந்த நாட்களில் வரப்பில் உட்கார்ந்து நான் நினைத்தது இதைத்தான். மிளகாயைப் பற்றிக்கூட இவ்வளவு நினைக்கவில்லை.

ஆடியும் போனது, மழையும் இல்லை. திருச்சுழிக்கு ஊர்வலம் போய்க் கரண்டாபீஸ் முன்னால் கொடும்பாவி எரிப்பது என்று சங்கத்தில் முடிவானது. சங்கத்துக்கு எங்கள் ஊரில் சீனிச்சாமி தலைவர். நல்ல மனுஷர், ஆனால் நாலு பேர் கூடி நின்றால் அவருக்கு அது மேடையாகத் தெரியும். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏனென்றால் எங்கள் ஊரில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பது வழக்கம். அதைச் செய்கிறவள் நான்.

அது ஒரு பெரிய பொம்மை. வைக்கோலில் உடம்பு. கண்மாய் மண்ணில் முகம். மாட்டு வண்டியில் உட்காரவைத்து, இரண்டு கையிலும் கயிறு கட்டி, பின்னால் பாய் மறைவில் உட்கார்ந்து ஓர் ஆள் இழுத்தால் பொம்மை தன் மாரில் தானே அடித்துக்கொள்ளும். பெண்கள் வண்டிக்குப் பின்னால் ஒப்பாரி வைத்துக்கொண்டு நடப்பார்கள். ஊர் செய்த பாவமெல்லாம் அவள் மேல் ஏறி, அவளோடு எரிந்துபோகும், வானம் இரங்கும். இரங்கியதும் உண்டு, இரங்காததும் உண்டு. முகம் செய்வதும் நான்தான், கயிறு இழுப்பதும் நான்தான். எந்தக் கயிற்றுக்கு எந்தக் கை அசையும் என்பது கட்டியவளுக்குத்தானே தெரியும்.

"இந்தத் தடவ பொம்பள உருவம் வேண்டாம் தாயி," என்றார் சீனிச்சாமி. "காக்கிச் சட்டை போட்டு, மீச வச்சு, கம்பிய வெட்டுனவன் மொகமா இருக்கணும். பார்த்தவுடனே பத்திக்கிட்டு வரணும் நம்ம ஆளுகளுக்கு."

"வெட்டச் சொன்னவன் மொகத்தச் செய்யலாம்ல," என்றேன்.

"அவுக மொகத்த நம்ம ஊருல யாரு பார்த்தா? வந்தவன் மொகந்தான் எல்லாருக்கும் தெரியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "செய்யி," என்றார்.

"எங் கூடப்பொறந்தவன நானே பாடையில ஏத்தவா?"

"நம்ம காட்டப் பாடையில ஏத்திட்டான்ல அவன்."

செய்தேன். பயிர் காய்ந்தவளுக்கும் கோபம் இருக்காதா? ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒருத்தனுக்கு ஒப்பாரி வைத்து, கொள்ளி வைத்து, குளித்து வந்துவிட்டால் அவன் அப்புறம் நமக்கு உயிரோடு இல்லை. எதிரில் வந்தாலும் இல்லைதான். அந்த முகத்தைச் செய்து முடிக்கிற அன்று எனக்குத் தம்பி இல்லை.

கண்மாய் அடியில் மண் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புகளுக்கு நடுவே நடந்தால் எங்கு பார்த்தாலும் முகமாகத் தெரியும். கன்னம் ஒட்டியது ஒன்று, வாய் பிளந்தது ஒன்று. எல்லாம் என்னைப் பார்த்தே கிடந்தன. நல்ல களியாகப் பார்த்துத் தோண்டி எடுத்துவந்து, குடத்தின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் பிசைந்தேன். குடிக்கிற தண்ணீரில் கொடும்பாவியா என்று யாரும் கேட்கவில்லை.

மண்ணில் முகம் செய்யும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது. ஆனால் தம்பியின் முகத்தை நான் எங்கே போய்த் தொடுவது? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். சின்ன வயதில் எங்களைக் குளிப்பாட்டுகிற அம்மா, தலையைத் துவட்டும்வரை யார் யார் என்று தெரியவில்லை என்பாள். அதனால் இடது கையால் என் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன். வலது கையால் மண்ணைத் தடவுவேன். என் புருவ எலும்பைத் தொடுவேன்; அங்கே ஒரு புருவம் எழும்பும். என் மூக்கு நுனி கொஞ்சம் அமுங்கியிருக்கும், அங்கேயும் அமுக்குவேன். மத்தியான வெயிலில் இப்படித் தொட்டுத் தொட்டு, எது ஈரமான கன்னம், எது என் கன்னம் என்று எனக்கே குழம்பிப்போனது. நான் அழுதிருக்க வேண்டும். இரண்டும் ஈரமாகத்தான் இருந்தன.

வைக்கோல் உடம்பு பிரியாமல் இருக்க ஒரு பழைய சேலையை இறுகச் சுற்றித் தைப்பது வழக்கம். என் பச்சைச் சேலை ஒன்று கிழிந்து கிடந்தது, அதைச் சுற்றினேன். மேலே சீனிச்சாமி கொண்டுவந்த காக்கிச் சட்டையை மாட்டினேன். ஆட்டு மயிரில் மீசை செய்து கஞ்சிப்பசையில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மீசைய நல்லா ஒட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பியது. என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறையான பங்காளி மொக்கையன் வண்டி ஓட்டினான். முன்னால் ஆண்கள் கறுப்புக்கொடியோடு போனார்கள். பின்னால் பெண்கள். நடுவில் பாய் மறைவுக்குள் நான். எனக்கு முன்னால் பொம்மையின் முதுகுதான் தெரிந்தது, காக்கி முதுகு. கயிறுகளை இழுத்தேன். அதன் கைகள் தொம் தொம் என்று மாரில் அடித்துக்கொண்டன. சீனிச்சாமி கோஷம் கொடுத்தார். ஒப்பாரிக்குத் தலைமை எங்கள் தெரு தங்கத்தாய். அவள் முதலில் கேலியாகத்தான் பாடினாள்.

"கம்பத்துல ஏறுனியே, கம்பியத்தான் வெட்டுனியே,
காஞ்சுபோன மொளகாச் செடி காரணந்தான் கேக்காதோ!"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கயிறு கையை அறுத்தது.

குண்டாற்றில் இறங்கினோம். தண்ணீர் ஓடி எத்தனையோ காலமான ஆறு. மணலில் சக்கரம் புதைந்து புதைந்து வண்டி மெதுவாகப் போனது. கோஷம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பாயின் ஓட்டைகள் வழியே வெயில் உள்ளே விழுந்து என் மடியில் புள்ளி புள்ளியாக ஆடியது. தொம், தொம். நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா, தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுவதாகவும் வண்டி அதன் அடியில் போவதாகவும் இருந்தது. மேலே, தண்ணீரின் மேற்பரப்பில், கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. அம்மா ஒரு கம்பத்தடியில் நின்று எங்கள் இரண்டு பேர் தலையையும் துவட்டிக்கொண்டிருந்தாள். 'இது யாரு?' என்று என்னைக் கேட்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன். வாய்க்குள் மண்ணாக இருந்தது. கை மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.

விழிப்பு வந்தபோது கரை ஏறியிருந்தோம். ஏதோ மாறியிருந்தது. கோஷம் இல்லை. சிரிப்பும் இல்லை. தங்கத்தாய் பாடிக்கொண்டிருந்தாள், ஆனால் குரல் வேறாக இருந்தது. அந்தக் குரலை நான் நிஜச் சாவு வீட்டில்தான் கேட்டிருக்கிறேன்.

"பச்சை உடுத்தி வந்த மகராசி போனாளே,
பாத்த பயிர் காயுமுன்னே பாடையில சாஞ்சாளே..."

யாரோ வழியில் செத்துவிட்டார்கள் என்று எனக்குப் பதறிப்போனது. பாயை விலக்கி, "மொக்கையா, யாருடா செத்தது?" என்றேன்.

மொக்கையன் திரும்பினான். பொம்மையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீதான் மயினி," என்றான்.

எனக்குப் பிற்பாடுதான் விவரம் புரிந்தது. ஆற்று வெயிலில் பசை காய்ந்து மீசை உதிர்ந்துவிட்டது. ஓயாமல் மாரில் அடித்துக்கொண்டதில் சட்டையின் பித்தான்கள் தெறித்து, முன்பக்கம் முழுக்கத் திறந்துகொண்டு, உள்ளே இருந்த என் பச்சைச் சேலை வெளியே வந்துவிட்டது. பின்னால் இருந்த எனக்குத்தான் இன்னும் காக்கி முதுகு. முன்னால் இருந்தவர்களுக்கு நான், குருவம்மாள், கண்மாய் மண்ணில், வெயிலில் உதடு வெடித்து, மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணலில் வண்டி புதைந்தபோது அதைத் தாண்டி முன்னால் போயிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தபோது அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தாலி கட்டிப் போன வீட்டில் செத்தவளுக்கு என்ன பாட்டோ, அது தானாக வந்துவிட்டது.

கரண்டாபீஸ் முன்னால் வண்டி நின்றது. போலீஸ் நின்றது, அதிகாரி நின்றார். இதெல்லாம் நான் காதால் பார்த்ததுதான். சீனிச்சாமி ஒரு கோஷம் கொடுத்தார், யாரும் வாங்கவில்லை. "சின்னச்சாமி, தீய வைய்யப்பா," என்றார்.

பந்தம் எரிகிற வாடை என் பாய்க்குள் வந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. அவர் பொம்மையின் முகத்துக்கு நேராக நிற்கிறார். மூச்சு வாங்குவது கேட்டது.

"எப்படிய்யா வைக்க?" என்றார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல். "பொறந்த வீட்டுக் கோடி வரலையே."

அவரே மறுபடி சொன்னார்: "ஐயாத்துரை வரணும்ல."

இரண்டு மாதமாக அவர் வாயில் வராத பெயர். தங்கத்தாய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கரையில் தம்பி இருந்தும் ஆளு வரக் காணலையே,
கோடி கொண்டு வாரவுக குண்டாறு தாண்டலையா?"

பெண்கள் தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஆண்களும் உட்கார்ந்தார்கள். பஸ்ஸு ஒன்று வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கிவந்து பார்த்தவர், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டாராம். கோஷம் போட்டிருந்தால் விரட்டியிருப்பார்கள். கல்லெறிந்திருந்தால் அடித்திருப்பார்கள். சாவு காத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

"என்ன, சும்மா உட்கார்ந்திருக்காங்க?" என்று அதிகாரி கேட்டது எனக்குக் கேட்டது. வெளியூர்க்காரர்.

"கோடி வரணும் சார்," என்றது ஒரு குரல். போலீஸ்காரர்தான், ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சு. "வராம தூக்க மாட்டாக."

"அது பொம்மைய்யா!"

"ஆமா சார். ஆனாலும் தூக்க மாட்டாக."

கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி, "ஐயாத்துரை, நீ உள்ளேயே இரு. வெளியே போனா அப்புறம் வேலைக்கு வர வேண்டியதில்ல," என்றார். அவன் அங்கேதான் இருக்கிறான். அத்தனை நேரமும் ஜன்னல் வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். வந்துவிடாதே என்று நினைத்தேன். வா என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன், கயிற்றை இழுத்துக்கொண்டே.

செருப்புச் சத்தம் கேட்டது. அவன் நடை எனக்குத் தெரியும். வலது காலை லேசாகத் தேய்த்து வைப்பான். அந்தச் சத்தம் படியிறங்கி, வண்டிப் பக்கம் வராமல், கடைத்தெருப் பக்கம் போனது. போயே போய்விட்டது. "ஓடிட்டான்," என்றார் சீனிச்சாமி. தங்கத்தாய் பாட்டை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்கு யாரும் இல்லை என்று ஆகிவிடும்.

பாயின் ஓட்டை வழியே என் மடியில் விழுந்த வெயில் மெல்ல நகர்ந்து முழங்காலுக்கு வந்தது.

பிறகு அந்த நடை திரும்பி வந்தது. கூடவே இன்னொரு நடை. ஜவுளிக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி. யாருக்குக் கோடி என்று அவர் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு என்று இவன் சொல்லியிருக்கிறான். பாவம், நிஜச் சாவு என்று நினைத்து, கடையை அடைத்துவிட்டு மாலையோடு வந்துவிட்டார். வந்து பார்த்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. மாலையைப் போட்டுவிட்டுத்தான் நின்றாராம்.

தம்பி செருப்பைக் கழற்றினான். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு வண்டியைச் சுற்றிவந்தான். பாய்க்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு என்னைத் தாண்டிப் போனது. நான் கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். பிறகு வண்டியில் கால் வைத்து ஏறினான். புதுச்சேலையின் கஞ்சி வாசனை வந்தது. சிவப்புச் சேலை. அதை அவன் விரித்தபோது வெயில் அதன் வழியாக வந்து, பாய்க்குள் எல்லாம் சிவப்பாகிவிட்டது. என் கை, கயிறு, வைக்கோல், எல்லாம். அந்த நிறத்துக்குள் நான் இருந்தேன். அம்மா முகத்தில் நான் பார்த்தது என்னவென்று அப்போது எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அப்போதும் என் கை இழுத்துக்கொண்டே இருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. சேலைக்கு அடியில் அந்த மாரில் தொம், தொம் என்று அடி விழுந்துகொண்டே இருந்தது.

அவன் குனிந்தான். பொம்மையின் காதில் சொல்வதுபோலச் சொன்னான்.

"அக்கா, போதும்க்கா. கை வலிக்கும்."

கயிற்றை விட்டேன். பொம்மையின் கைகள் அதன் மடியில் விழுந்தன. அதைப் பார்த்ததும் தெரு முழுக்க ஒரு அழுகை எழுந்தது. அது பாட்டு இல்லை. என் வீட்டுக்காரர் பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார். பிறகு அவரும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்துக்கொண்டு அழுததாக மொக்கையன் சொன்னான். நான் பாய்க்குள்ளேயே இருந்தேன். வெளியே வர எனக்கு வெட்கமாக இருந்தது. செத்தவள் எப்படி இறங்கி வருவது?

மழை அன்று வரவில்லை. கரண்டும் வரவில்லை. அது வர ரொம்ப நாளாயிற்று. வேறு யாரோ ஒருவர் கம்பத்தில் ஏறிக் கொடுத்தார். தம்பிக்கு வேலை போனது. எங்கள் காட்டில் எங்களோடு பாடுபட்டான். பொம்மையை யாரும் எரிக்கவில்லை. கண்மாயில் கொண்டுபோய் வைத்தோம். ஐப்பசியில் தண்ணீர் வந்தபோது அது பாட்டுக்குக் கரைந்துபோனது.

சேலையை மட்டும் நான் எடுத்து வைத்திருந்தேன். தீபாவளிக்குக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தங்கத்தாய் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அடி பாவி, செத்தவளுக்குப் போட்ட கோடிய எடுத்துக் கட்டலாமா?"

"எனக்குத்தானே போட்டான்," என்றேன்.